சுவருக்குள் ஒரு வங்கி அதிகாரி

கொக்குமேட்டில் புத்தியைத் தவிர எல்லாம் நன்றாக விளையும். அந்த ஊருக்குச் சொந்தமாக ஒரு சபை உண்டு, சொந்தமாக ரூபாய் நோட்டும் உண்டு. நோட்டு அச்சடிக்கும் பெரிய வங்கிக்குப் பூவலிங்கம் அதிகாரி.

சபைக்காரர் வீட்டில் காதுகுத்து என்றால் போதும், "அண்ணாச்சி, நாலு கட்டு சேர்த்து அடிங்க" என்பார்கள். அவரும் அடிப்பார். கடைசியில் ஒரு கத்தரிக்காய் வாங்க ஒரு மூட்டை நோட்டு சுமக்க வேண்டியதாயிற்று. ஊர் கஞ்சிக்கு அல்லாடியது. பாவம், யாருக்கும் காரணம் புரியவில்லை.

வெளியூர் வணிகர் ஒருவர் மனமிரங்கிச் சொன்னார்: "வங்கி அதிகாரி யார் பேச்சையும் கேட்கக் கூடாது. ஆனால் சபையின் கண் எப்போதும் அவர்மேல் இருக்க வேண்டும்."

அன்றே பூவலிங்கம் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார். சபையார் அவரைச் சுற்றி உட்கார்ந்து வெறித்துப் பார்த்தார்கள்.

சபைத் தலைவர் மாசிலாமணி திடுக்கிட்டார். "ஏலே வெள்ளத்துரை, இப்ப கண்ணச் சிமிட்டினியா?"

"தூசி விழுந்துட்டு அண்ணாச்சி."

"நோட்டு அடிக்கச் சொல்லி ஜாடை காட்டுறோம்னு அவரு நினைச்சிட்டாருன்னா?"

விபரீதம்தான். கூடிப் பேசி, வங்கியைச் சுற்றி நாலு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். கதவு வைத்தால் யாராவது சிபாரிசோடு நுழைவார்களே, அதனால் கதவில்லை. பிறகு சபை முழுவதும் உட்கார்ந்து சுவரைக் கண்காணித்தது.

மத்தியானம் பூவலிங்கத்தின் மனைவி தூக்குச்சட்டியோடு வந்தாள். "அவியளுக்குச் சோறு எப்படிக் குடுக்க?"

"சோறா? அது லஞ்சம்லா தாயி!" என்று திருப்பி அனுப்பினார் மாசிலாமணி.

உள்ளே பூவலிங்கத்துக்குப் பசி காதை அடைத்தது. பஞ்சு ஏற்கெனவே அடைத்திருந்ததால் அது அவருக்குத் தெரியவில்லை. வயிறுதான் சொன்னது. வயிற்றின் பேச்சை மட்டும் கேட்கலாமா என்று வெகுநேரம் யோசித்தார். பிறகு கூரை ஓடுகளை விலக்கி, சுவரேறிக் குதித்து வீட்டுக்குப் போனார். எல்லாரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் சுவருக்கு மேலே போனவரை யாரும் பார்க்கவில்லை.

நோட்டு அடிக்க ஆளில்லை. சந்தையில் விலை மளமளவென்று இறங்கியது. ஊரே சுவர் முன்னால் கூடிக் கைதட்டியது. பஞ்சை எடுத்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டு வந்த பூவலிங்கமும் கூட்டத்தைக் கண்டு மாசிலாமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உள்ள யாரு அண்ணாச்சி?"

மாசிலாமணி சுவரைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நம்ம பூவலிங்கம்தான். எத்தனை கூப்பிட்டும் ஒரு பதில் இல்ல. யார் பேச்சுக்கும் அசையாத மனுசன்!"

பூவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல அண்ணாச்சி" என்று எழுந்து, சுவரைப் பார்த்துப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார்.