விருந்தாளிக்குப் போட்ட பாதை

நாணல் ஏரியின் நடுவே ஒரு மண்திட்டு இருந்தது. அதில் ஒரு தாழைக்கோழி கூடு கட்டி ஆறு முட்டைகள் இட்டிருந்தது. திட்டைச் சுற்றிலும் புதைசேறு. கால் வைத்தால் கழுத்துவரை இழுத்துவிடும். அகன்ற விரல்களுள்ள தாழைக்கோழி மட்டும் சேற்றில் மிதக்கும் தாமரை இலைகளின்மேல் ஓடிப் போய் வரும். அந்தச் சேற்றை நம்பித்தான் அது நிம்மதியாகத் தூங்கியது.

ஒருநாள் ஏரி மன்றம் கூடியது. மன்றத் தலைவரான தவளை தொண்டையை உப்பிக்கொண்டு பேசியது.

"வழக்கம்போல் மார்கழியில் கூழைக்கடாப் பறவைகள் வருகின்றன. இந்த முறை அவர்கள் நம் சுற்றுலா விருந்தாளிகள்! அவர்கள் சிந்தும் மீனிலேயே ஏரி முழுக்க வயிறு நிறையும். கரையிலிருந்து திட்டுவரை மண்பாதை போடப் போகிறோம். நண்டுகள் அத்தனை பேருக்கும் வேலை!"

நண்டுகள் கொடுக்குகளைத் தட்டி ஆரவாரம் செய்தன. பாவம், கோடை முழுக்க வேலையில்லாமல் காய்ந்து கிடந்தவை அவை.

"இது யார் யோசனை, தலைவரே?" என்றது தாழைக்கோழி.

"நம்ம கீரியாருடைய யோசனை!"

மூலையில் இருந்த கீரி அடக்கமாகத் தலை குனிந்தது. போன மாதம் இரண்டு தண்ணீர்ப்பாம்புகளைக் கொன்றதிலிருந்து தவளைகளுக்கு அதன்மேல் உயிர். பாம்பைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்று மன்றத்திலேயே சத்தியமும் செய்திருந்தது.

தாழைக்கோழி கீரியையே உற்றுப் பார்த்தது. முட்டைத் திருடனான கீரிக்கு ஊர் வளர்ச்சியில் இவ்வளவு அக்கறை எதற்கு?

"எனக்கு இது சரியாகப் படலை," என்றது.

"உனக்கு என்னதான் சரியாகப் பட்டிருக்கு?" என்று சீறியது நண்டுத் தலைவன். "எங்க பிழைப்பில் மண்ணைப் போடாதே, அக்கா!"

மறுநாளே வேலை தொடங்கியது. நண்டுகள் மண் சுமந்தன. கீரி கரையில் உட்கார்ந்து, "பலே! பலே!" என்று உற்சாகப்படுத்தியது. ஆனால் அதன் கண் பாதைமேல் இல்லை. பாதை போய்ச் சேரும் இடத்தின்மேல் இருந்தது. தாழைக்கோழி முட்டையை விட்டு இரை தேடக்கூடப் போகவில்லை. பசியோடு அடைகாத்தபடி பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது. நாளுக்கு நாள் அது நெருங்கி வந்தது.

கடைசியில் ஐந்து முழம்தான் பாக்கி. தாழைக்கோழிக்குப் பொறுக்கவில்லை. நேரே மன்றத்துக்கு ஓடியது. கீரியும் நண்டுகளும் அங்கேதான் இருந்தன.

"தலைவரே! போன வருஷம் கூழைக்கடாக்கள் எப்படி வந்தன?"

"பறந்துதான். இது என்ன கேள்வி?"

"இந்த வருஷம்?"

"பறந்துதான்..." என்று இழுத்தது தவளை.

"அப்படியென்றால் இதில் நடக்கப் போவது யார்?"

கீரி சட்டென்று குறுக்கிட்டது. "வந்து இறங்கிக் காலாற உலாவத்தான்! விருந்தாளிகளுக்கு ஒரு சௌகரியம் வேண்டாமா?"

"நல்லது. போட்ட வரைக்கும் உலாவப் போதும். இந்த ஐந்து முழத்தை விட்டுவிட்டு, மீன் நிறைந்த ஆழப் பக்கம் பாதையைத் திருப்புவோம். நண்டுகளுக்கு இன்னும் ஒரு மாத வேலை கிடைக்கும்!"

"ஒரு மாதமா!" நண்டுத் தலைவனின் முகம் மலர்ந்தது.

கீரிக்குக் கோபம் தலைக்கேறியது. "முடியாது! அந்த ஐந்து முழம்தான் முக்கியம்! அது இல்லாவிட்டால் இவ்வளவு நாள் நான் காத்திருந்ததெல்லாம் வீண்!"



"அங்கே என் கூட்டைத் தவிர வேறொன்றும் இல்லையே!" என்றது தாழைக்கோழி. "நீ எதற்காகக் காத்திருந்தாய்?"

கீரி மெல்லப் பின்வாங்கியது. தவளை வெட்கத்தில் தலை குனிந்தது. நண்டுகளோ பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொடுக்குகளைத் தூக்கிக்கொண்டு கீரியை நோக்கி நகர்ந்தன. கீரி வாலைச் சுருட்டிக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது.

பாதை ஆழப் பக்கம் திரும்பியது. மார்கழியில் கூழைக்கடாக்கள் பறந்து வந்து அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து மீன் பிடித்தன. சிந்தியதில் நண்டுகளின் வயிறு நிறைந்தது. திட்டில் ஆறு குஞ்சுகள் பொரிந்தன. ஆனாலும் தாழைக்கோழி தினமும் விடிந்ததும் அந்த ஐந்து முழத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கத் தவறவில்லை.

ஊர் வளர்ச்சிக்கென்று யார் பாதை போட்டாலும், அதில் நடக்கப் போகும் கால்கள் யாருடையவை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மண் சுமக்க வேண்டும்.