கொய்யா மரத்துக்குக் காவல் வந்த கட்டெறும்பு

குளக்கரைக் கொய்யா மரத்தில் வள்ளிக்கண்ணு என்ற அணில் மூன்று குட்டிகளை ஈன்றிருந்தாள். குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. மரம் நிறையக் காய். உட்கார்ந்த இடத்திலேயே சாப்பாடு. பிள்ளை பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த மரம் வெட்டவெளியைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் ஒரு மொட்டைப் பனை. அதன் உச்சியில் வல்லூறு ஒன்று நாள் முழுக்கக் காத்துக் கிடந்தது. குட்டிகளைக் கவ்விக்கொண்டு அந்த வெளியைக் கடப்பதென்றால் வல்லூறுக்கு விருந்து வைப்பதுதான். இந்த மரம் பட்டுப்போனால் அவள் குடும்பமும் போச்சு.

அந்த மரத்துக்குத்தான் வந்தது கேடு. ஒருநாள் பார்த்தால், கிளை இடுக்கெல்லாம் அரிசி மாவைத் தெளித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. இலையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. நாலு நாள் போனதும் அதே இலை கரி பூசினாற்போலக் கறுத்தது. காய்கள் பொத்து பொத்தென்று விழுந்தன.

"இதென்ன கூத்து! வெள்ளையாக வந்தது கறுப்பாகப் போகிறதே!" என்று தலையைச் சொறிந்தாள் வள்ளிக்கண்ணு.

கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள். மாவு லேசாக அசைந்தது. ஐயையோ, அத்தனையும் பூச்சி!

"ஏய், யார் நீ? என் மரத்தில் உனக்கென்ன வேலை?"

பதில் இல்லை. வாயைக் கிளைக்குள் குத்தி வைத்துக்கொண்டு எங்கே பேசுவது! பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதுவும் வெள்ளைதான், ஆனால் கொஞ்சம் பெரிசு. உடம்பெல்லாம் பஞ்சு தொங்க விறுவிறுவென்று ஓடியது. அதனிடமும் கேட்டாள். அதுவும் பேசவில்லை. அதன் வாயிலும் என்னவோ இருந்தது. வள்ளிக்கண்ணு திருதிருவென்று விழித்தாள்.

"கும்பிடறேன் அக்கா!" என்று ஒரு குரல் கேட்டது.

கட்டெறும்பு ஒன்று முன்னங்காலைத் தூக்கி நின்றது. "என் பேர் மருதையன். எறும்புக் கூட்டத்துக்குத் தலைவன். உங்க மரத்துக்கு நாங்கதான் காவல்! பார்க்கலையா, காலையில இருந்து மேலயும் கீழயும் நடந்துக்கிட்டே இருக்கோமே!"

பார்த்திருந்தாள். வரிசை தப்பாமல் நடந்தார்கள். "ரொம்ப நல்லதாப் போச்சு அண்ணே! இந்த வெள்ளையெல்லாம் என்ன?"

"ரெண்டு வகை. சின்னது சாது. வச்ச இடத்துல இருக்கும், பாவம். பெரிசு இருக்கே, பஞ்சு தொங்க ஓடுதே, அதுதான் திருட்டுப்பய! அதை ஒழிச்சாத்தான் மரம் தப்பும்!"

திருடன்தானே ஓடுவான்? வள்ளிக்கண்ணுவுக்கு அது சரியாகத்தான் பட்டது. ஓடிப்போய்த் தவிட்டுக்குருவிகளைக் கூட்டி வந்தாள். ஏழும் ஒரே நேரத்தில் கத்தின.

"எதைத் திங்கணும்? எதை விடணும்?"

"பெரிசு! ஓடுறது! அதை மட்டும்!"

"இதோ ஒண்ணு! அங்கே ஒண்ணு!" என்று மருதையன் கிளை கிளையாகக் காட்டிக் கொடுத்தான். மத்தியானத்துக்குள் பஞ்சுக்காரர்கள் காலி. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

எங்கே அப்பாடா! ஒரு வாரத்தில் வெள்ளை இரண்டு மடங்கானது. துளிர் சுருண்டது. பாதிக் காய் தரைக்கு வந்துவிட்டது. வள்ளிக்கண்ணுவுக்குப் பால் வற்றியது. குட்டிகள் கீச்கீச்சென்று அழுதன. அவள் பனை உச்சியைப் பார்த்தாள், குட்டிகளைப் பார்த்தாள். ஒன்றும் ஓடவில்லை.

அப்போது ஒரு வண்டு வந்து உட்கார்ந்தது. கறுப்பு முதுகு, செம்மண் நிறத் தலை.

"அக்கா, நான் பூவாயி, பொறிவண்டு. இந்த மரத்துலதான் பிள்ளைகளை விட்டுட்டுப் போனேன். ஒண்ணையும் காணோமே?"

"பொறிவண்டா? முதுகில் புள்ளி எங்கே?"

"எங்க வகைக்குப் புள்ளி கிடையாது."

"உன் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள்?"

"வெள்ளையா, பஞ்சு தொங்க இருப்பாங்க. மாவுப்பூச்சியைத் தின்னுதான் வளருவாங்க. அதோட வேஷத்துலயே அதுக்கு நடுவுல புகுந்துடுவாங்க."

வள்ளிக்கண்ணுவுக்குத் தலை கிறுகிறுத்தது. எறும்பு சொன்ன திருடன்தான் வண்டின் பிள்ளையா? சாது என்றது மாவுப்பூச்சியா? இல்லை, இந்தப் புள்ளியில்லாத வண்டு புளுகுகிறதா? இரண்டு பேர் பேச்சும் நியாயமாகவே இருந்தது. அதுதான் பெரிய கஷ்டம்.

"யார் பேச்சும் வேண்டாம்!" என்று ஒரு கிளையில் குந்தினாள். அன்று முழுக்க வாலைக்கூட ஆட்டவில்லை.

பட்டை இடுக்கில் தப்பிப் பிழைத்த பஞ்சுக்காரன் ஒருவன் மெல்ல வெளியே வந்தான். பக்கத்திலிருந்த 'சாது'வை லபக்கென்று கடித்துத் தின்றான். கொய்யாவை அவன் தொடவே இல்லை.

பிறகு மருதையன் வந்தான். ஒரு மாவுப்பூச்சியின் முதுகை மீசையால் செல்லமாகத் தட்டினான். அதன் பின்புறம் தேன் போல ஒரு சொட்டு வந்தது, இலையில் ஒட்டிக் கறுத்த அதே பிசுக்கு. சப்புக்கொட்டிக் குடித்தான். அப்புறம் அதை நோகாமல் கவ்விக்கொண்டுபோய், ஒரு புதுத் துளிரில் உட்கார வைத்தான், பிள்ளையைத் தொட்டிலில் போடுவது போல.

வள்ளிக்கண்ணு வண்டிடம் ஓடினாள். "பூவாயி, உன் பிள்ளைகளைக் குருவிக்குத் தின்னக் கொடுத்தது நான்தான்!" என்று அழுதாள்.

வண்டு ஒவ்வொரு கிளையாகப் போய்த் தேடிவிட்டு வந்தது. பிறகு, "இடுக்குல ஒருத்தன் இருக்கானே, அவனுக்காகச் சொல்றேன். முதல்ல எறும்பை நிறுத்து. எறும்பு நடக்கிற மரத்துல இனிமே நான் முட்டை வைக்க மாட்டேன்" என்றது.

எறும்புகளுக்குப் பாலமாக வேலியைத் தொட்டுக்கொண்டிருந்த கிளையை அன்றைக்கே கடித்துத் துண்டித்தாள் வள்ளிக்கண்ணு. படித்துறை வெடிப்பில் முளைத்திருந்த ஆலங்கன்றின் இலையைக் கடித்துக் கடித்து, அதில் வடிந்த பிசுக்குப் பாலை அடிமரத்தைச் சுற்றித் தடவினாள். சாயங்காலம் இறங்கிப் போன எறும்புகளால் காலையில் ஏற முடியவில்லை. பால் காயக் காயத் தினமும் தடவினாள். பூவாயி மறுபடி முட்டை வைத்தது. பொரிந்து வந்த பஞ்சுக்காரர்கள் வெள்ளையை மேயத் தொடங்கினார்கள்.

தவிட்டுக்குருவிகள் ஆசையாகத் திரும்பி வந்தன. "போங்கடி! ஒன்றையும் தொடக்கூடாது!" என்று விரட்டினாள்.

"அன்னிக்குத் தின்னுன்னே, இப்போ திங்காதேங்கறே! கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடித்திருந்தது! இப்போதுதான் தெளிந்தது!"

சாயங்காலம் இறங்கிப் போன எறும்புகளால் காலையில் ஏற முடியவில்லை. பிசுக்குக்குக் கீழே நின்று மருதையன் கத்தினான். "காவலை நிறுத்திட்டீங்களே அக்கா! இனிமே மரத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"மரத்தையா காத்தீர்? உமக்குப் பால் கறக்கிற மாட்டை அல்லவா காத்தீர்! அதுவும் என் கொல்லையில் மேயவிட்டு!"

மருதையன் தன் கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டினான். விழுந்த காய் விழுந்ததுதான். போன பிள்ளைகளும் பூவாயிக்குத் திரும்பவில்லை. ஆனால் கிழக்குக் கிளையில் பதினோரு காய் தேறிப் பழுத்தது. குட்டிகள் கண் திறந்து முதலில் பார்த்தது அந்தப் பழங்களைத்தான்.

காவலுக்கு வந்திருக்கிறேன் என்று ஒருவன் சொன்னால், அவன் எதைக் காக்கிறான் என்று உன் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் நம்பு.