செம்பி அனுப்பாத அடி

மலைக்காட்டு ஓடை ஒன்றின் இரு கரைகளிலும் இரண்டு குரங்குக் கூட்டங்கள் இருந்தன. ஓடைக்கு நடுவே ஒரு பாறைத்திட்டு. அதன்மேல் ஓர் அத்திமரம். முன்பெல்லாம் அத்தி பழுத்தால் சண்டை மூளும். காதும் வாலும் போகும். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஆண்டுக்கு ஒருநாள், கரைக்கு ஒரு குரங்கு, வளைந்த கழியால் ஒரே ஒரு கடுக்காயை மரத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். யாருடைய காய் மரத்துக்கு அருகில் விழுகிறதோ, அவர்கள் கூட்டத்துக்கு அந்தப் பருவத்துப் பழம் அத்தனையும்.

தென்கரைக் கூட்டம் மூன்று ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. இந்த முறை செம்பி என்ற பெண்குரங்கு அடிப்பதென்று முடிவாயிற்று. இன்னும் நாற்பது நாள் இருந்தது. செம்பி கழியை ஓங்கினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். காய் மட்டும் தண்ணீரில் போய் விழும்.

“என்ன செம்பி, மீனுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறாயா? இத்தனை கடுக்காய் போடுகிறாயே!” என்று வடகரையிலிருந்து கத்தினான் மொட்டைவாலன். மூன்று ஆண்டும் ஜெயித்தவன் அவன்.

செம்பியின் தோழி ஒரு மலைமைனா. அது சொன்னது: “இரண்டு மலை தாண்டி ஒரு புல்வெளி இருக்கிறது. மனிதர்கள் அங்கே கோல்ஃப் ஆடுகிறார்கள். கழியால் ஒரு வெள்ளைப் பந்தை அடிப்பார்கள். பிறகு அதைத் தேடிக்கொண்டு நடப்பார்கள். அங்கே குளத்தோரம் ஒரு கொக்கு. அவர்களைப் பார்த்துப் பார்த்து அதற்குத் தெரியாத அடி இல்லை.”

“அப்படியானால் கூட்டிக்கொண்டு வாயேன்!”

“முட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. எப்படி வரும்? நீ அடி. அந்தச் சத்தத்தை அப்படியே கொண்டுபோய் அதன் காதில் போடுகிறேன்.”

எந்தச் சத்தத்தையும் ஒருமுறை கேட்டால் போதும், மைனா அதைத் திருப்பிச் செய்துவிடும். செம்பி அடித்தாள். மைனா பறந்தது. மறுநாள் காலை திரும்பி வந்து, கொக்கின் கரகரத்த குரலிலேயே பேசியது.

“கழி காற்றை அறுக்கும் சத்தம் உச்சியிலேயே வந்துவிடுகிறது. அது காயின் பக்கத்தில் வர வேண்டும். ஓங்கிய பிறகு அவசரப்படாதே.”

செம்பி அன்று முழுவதும் கழியை மெதுவாக இறக்கிப் பழகினாள். மறுநாளும், அதற்கடுத்த நாளும் பழகினாள். ஐந்தாம் நாள் சத்தம் இடம் மாறியது. காய் பாறைத்திட்டில் போய் விழுந்தது!

“பலே!” என்று கொக்கிடமிருந்து பதில் வந்தது.

அந்தச் சொல் செம்பிக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த நாள் முதல் அடி தவறியது. மைனா சிறகை விரித்தது.

“நில், நில்! இதைக் கொண்டுபோகாதே. கை வழுக்கிவிட்டது.”

“வழுக்கினால் என்ன? கேட்கத்தானே கொக்கு இருக்கிறது?”

“இதைக் கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைக்கும்? கொஞ்சம் பொறு, நல்லது ஒன்று தருகிறேன்.”

எட்டாவது அடி நன்றாக விழுந்தது. அதை மட்டும் மைனா எடுத்துப் போயிற்று. பிறகு தினமும் அதுவே வழக்கமாயிற்று. நல்ல அடி ஒன்று விழும்வரை செம்பி அடிப்பாள். விழுந்ததும் கழியை மரத்தில் சாத்திவிட்டுப் பேன் பார்க்கப் போய்விடுவாள்.

“கொக்கு ஒன்று கேட்கிறது” என்றது மைனா ஒருநாள். “இங்கே ஆடுகிற மனிதர்களே பாதி அடி மண்ணில் அடிக்கிறார்கள், உன் தோழி தவறவே மாட்டாளா என்று.”

“திருத்த ஏதாவது சொன்னதா?”

“திருத்த ஒன்றும் இல்லையாம்.”

செம்பிக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

நாற்பதாவது நாள் இரு கரையும் நிறைந்திருந்தது. மொட்டைவாலன் முதலில் அடித்தான். காய் மரத்துக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. அது ஒன்றும் பெரிய அடி இல்லை. செம்பியின் கூட்டம் எக்களித்தது. குட்டிகள் அப்போதே எச்சில் விழுங்கின.

செம்பி ஓங்கினாள். அவசரப்படவில்லை. கழி இறங்கியது. சரக்கென்று முதலில் மண்ணைக் கீறியது. அப்புறம்தான் காயைத் தொட்டது. காய் சோம்பலாக எழுந்து, பாதி தூரத்தில் ஓடையில் விழுந்தது.

அவளை யாரும் திட்டவில்லை. கிழக்குரங்கு ஒன்று, “இன்னொரு வருஷம் இலைதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிற்று. குட்டிகள் பாறைத்திட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

எல்லோரும் போன பிறகு செம்பி மைனாவிடம், “இதைக் கொண்டுபோ” என்றாள்.

“இதையா?”

“இதைத்தான். மண்ணைக் கீறியதை விட்டுவிடாதே.”

மறுநாள் கொக்கின் குரல் வந்தது: “யார் அடித்தது இது? செம்பியா? அடிக்கும்போது உடம்பின் பாரம் பின்னால் வைத்த காலிலேயே நிற்கிறது, அதனால்தான் கழி மண்ணில் படுகிறது. முன்னால் வைத்த காலுக்கு மாற்றிக்கொள். மூன்று நாள் வேலை. இதை ஏன் முதலிலேயே அனுப்பவில்லை?”

மூன்று நாள் பிடிக்கவில்லை. இரண்டாம் நாளே காய் அத்திமரத்தின் அடியில் விழுந்தது. கிளையில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்த வடகரைக் குட்டி ஒன்று, இறங்கி வந்து அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தது.

தவறியதைக் காட்ட வெட்கப்படுகிறவருக்கு எவ்வளவு நல்ல ஆசான் கிடைத்தாலும் பாராட்டுதான் மிஞ்சும், பாடம் மிஞ்சாது.