வாசல்ல மாட்டின சிலுவை

ஒரு கடலோர ஊர்ல ஒரு ஓடாவி இருந்தாரு. ஓடாவின்னா யாரு? மரத்தை அறுத்துப் படகு கட்டுறவரு. பேரு கஸ்பார். ம் சொல்லு.

“ம்.”

அவருக்கு ஒரு அண்ணன், லாசர். பக்கத்து ஊர்ல அவரும் ஓடாவிதான். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு படகு கட்டினாங்க. கடல்ல இறக்கினதும் குபுகுபுகுபுன்னு தண்ணி! “உன் பக்கம்தான் ஒழுகுது”ன்னாரு தம்பி. “உன் பக்கம்தாம்லே”ன்னாரு அண்ணன். படகு முங்கிருச்சு, சண்டை முங்கலை. ஏழு வருஷம் பேச்சே இல்லை. ரெண்டாள் இழுக்கிற பெரிய ரம்பம் கஸ்பார் வீட்டுச் சுவத்துல சும்மா தொங்குச்சு. இழுக்க அந்தப் பக்கம் ஒரு ஆள் வேணும்ல?

அப்புறம் தவக்காலம் வந்துச்சு, ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் நோன்பு. நெத்தியில சாம்பல் பூசின அன்னிக்கே கஸ்பார் கறியை விட்டாரு, கள்ளை விட்டாரு, காப்பிக்குச் சீனியைக்கூட விட்டாரு. வீம்பை மட்டும் விடலை. பெரிய வெள்ளிக்குச் சிலுவையைத் தூக்கிட்டு ஊர்வலம் போவாங்க, ரெண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே சிலுவைப்பாதை. போன வருஷம் அண்ணன் ஊர்ல, அண்ணன் செஞ்ச சிலுவை. இந்த வருஷம் தம்பி முறை.

“அது எட்டு முழம்தானே? நான் பதினாறு முழம் செய்யறேன். அண்ணன் வாயைப் பொளந்து நிக்கணும்!”

அண்ணனுக்குத் துப்பு தெரியக்கூடாதுன்னு, கோவிலுக்குள்ளயே வச்சு நாப்பது நாளும் டொக் டொக் டொக்! படகு ஆணி அடிச்சு, பிரிக்கவே முடியாதபடி இறுக்கிட்டாரு. பெரிய வெள்ளியும் வந்துச்சு. வெளியில ரெண்டு ஊர்ச் சனமும் நிக்குது. “தூக்குங்கப்பா!”ன்னாரு.

அப்போ பன்னெண்டு பேர் நேரா தூக்கிட்டு வந்தாங்க. டம்! சிலுவையோட ரெண்டு கையும் வாசல்ல முட்டுது. சாய்ச்சுத் தூக்கினாங்க. டங்! நிலைப்படி இடிச்சுது. மூணாவது தடவை, “ஏலேலோ”ன்னு ஓடி வந்து ஒரே தள்ளு. கிர்ர்ர்ர்! அடிமரம் வெளியில, கை ரெண்டும் உள்ள, வாசலை மறிச்சு நெஞ்சு உயரத்துல நல்லா மாட்டிக்கிச்சு. இந்தப் பக்கமும் வரலை, அந்தப் பக்கமும் போகலை.

வாசலை எப்படி மறந்தாரு? அவரு ஆயுசு பூரா மணல்ல வச்சுத்தான் படகு கட்டினாரு. கடற்கரைக்கு ஏது வாசல்? ம் சொல்லு.

“ம்ம்...”

அப்புறம் என்ன, உள்ள இருக்கிறவங்க வெளிய வரணும்னா குனியணும். வெளியில இருக்கிறவங்க பார்க்க வரணும்னா குனியணும். ஊர்த்தலைவர் குனிஞ்சாரு, தலைப்பாகை கழண்டு உருண்டுச்சு. மாமியாளும் மருமகளும் ஒரே நேரத்துல குனிஞ்சு, ஒருத்தர் கொண்டையில ஒருத்தர் ஊசி மாட்டிக்கிட்டாங்க. பங்குச் சாமியார் விழுந்து விழுந்து சிரிச்சாரு.

“நாப்பது நாளா மனசு இறங்கிக் குனிங்கன்னு பிரசங்கம் வச்சேன், ஒருத்தரும் குனியலை. இந்த மரம் கால் மணி நேரத்துல ஊரையே குனிய வச்சிருச்சே!”

கஸ்பாருக்குச் சிரிப்பு வரலை. சிலுவைப்பாதை கிளம்புற மூணு மணி ஆகப்போகுது, மானம் போகப்போகுது. அண்ணன் கண்ணுல படுறதுக்குள்ள ஓடிருவோம்னு குனிஞ்சு வெளிய பாஞ்சாரு. அதே நேரம் வெளியில இருந்து ஒருத்தர் குனிஞ்சு உள்ள பாஞ்சாரு. டமார்!

நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டு நிமிந்து பார்த்தா, லாசர் அண்ணன்.

“ஏன்டே, வாசலை அளக்க மாட்டியா?”

கஸ்பார் தலையைத் தொங்கப் போட்டாரு. “உன்னைவிடப் பெருசா செய்யணும்னுதான்ணே பார்த்தேன்.”

“கைக்கு ஒரு முழம் குறைச்சா சாய்ச்சு எடுத்துரலாம். ரம்பம் எங்க?”

“சிலுவையிலயா ரம்பம் வைக்கிறது? சாமி...”

“இன்னும் மந்திரிச்சுப் புனிதமாக்கலையேப்பா, வெறும் மரம்தான், அறு அறு!”ன்னாரு சாமியார்.

“ரம்பம் துருப்பிடிச்சிருக்குமே”ன்னு கஸ்பார் இழுத்தாரு. அதுக்குள்ள அவர் பொஞ்சாதி எஸ்கலின் ரம்பத்தோட ஓடி வந்து லாசர்கிட்ட நீட்டினா. “வருஷா வருஷம் நான் எண்ணெய் தடவித்தான் வச்சிருக்கேன் அத்தான். என்னைக்காவது வருவீங்கன்னு தெரியும்.”

அப்போ அண்ணன் ஒரு பிடி, தம்பி ஒரு பிடி. சர்ர்ர் சர்ர்ர் சர்ர்ர்! ஒரு கை குறைஞ்சுது, இன்னொரு கையும் குறைஞ்சுது. சாமியார் மந்திரிச்சாரு. சாய்ச்சாங்க, சுளுவா வெளிய வந்துருச்சு!

முன்னால அண்ணன் தோள், பின்னால தம்பி தோள். ரெண்டு நெத்தியிலயும் கொழுக்கட்டை மாதிரி வீக்கம். பாதி வழியில கஸ்பார் மெதுவா, “அண்ணே, அந்தப் படகு... என் பக்கமும்தான் ஒழுகுச்சு”ன்னாரு.

அண்ணன் திரும்பாமலே, “என் பக்கம் அதைவிட ஒழுகுச்சுலே. அடி எடுத்து வை”ன்னாரு.

ம் சொல்லு... என்ன, சத்தத்தைக் காணோம்?

சரி. சிலுவை வாசல் தாண்டிருச்சு, கதையும் தாண்டிருச்சு. நீயும் கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பக்கம் போயிரு கண்ணு.