சிங்கத்துக்கு நண்டு, புலிக்கு ஆமை

நாணல் சூழ்ந்த ஒரு குட்டையில் மரகதம் என்னும் தவளை வாழ்ந்தாள். அவளுக்கு அறுபது தலைப்பிரட்டைகள். அவற்றுக்குப் பின்கால்கள் முளைத்துவிட்டன. முன்கால்கள் முளைக்க இன்னும் பத்து நாள் ஆகும். அதுவரை அவை தண்ணீரில்தான் இருக்க வேண்டும்.

கோடையில் அந்தக் குட்டைக்கு ஓர் ஊற்றுதான் கதி. நாள்தோறும் கரைமணல் சரிந்து ஊற்றுக்கண்ணை அடைத்துவிடும். கிடுக்கன் என்ற நண்டு உள்ளே நுழைந்து மண்ணைக் கிளறிவிடும். கல்லப்பன் என்ற ஆமை அந்த மண்ணை முட்டிக் கரையேற்றும். நண்டால் மண்ணைத் தள்ள முடியாது. ஆமையால் பொந்துக்குள் நுழைய முடியாது. ஆகையால் இருவரும் கூட்டாளிகள்.

ஒருநாள் கரிச்சான் குருவி நாணலில் வந்து அமர்ந்தது.

"செய்தி! கிழக்கு மலைச் சிங்கத்துக்கும் மேற்கு மலைப் புலிக்கும் போர் மூளப் போகிறது! நடுவிலுள்ள மான்காடு யாருக்கு என்பதுதான் வழக்கு! நேற்றுச் சிங்கம் ஒன்பது முறை கர்ஜித்தது. புலி பதினொரு முறை உறுமியது!"

குட்டையில் எவரும் சிங்கத்தையோ புலியையோ பார்த்ததில்லை. அது அவர்களுக்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

"மூன்றே நாளில் சிங்கம் முடித்துவிடும்! நேரே போகாது. பக்கவாட்டில் பாய்ந்து கவ்விவிடும்!" என்றது நண்டு.

"உனக்கு என்ன தெரியும்? புலியார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு காத்திருப்பார். சிங்கம் களைத்துப்போகும்!" என்றது ஆமை.

"புலிக்கு ஓடு இருக்கிறதா, ஓய்?"

"சிங்கத்துக்கு மட்டும் கொடுக்கு இருக்கிறதோ?"

"எல்லையை முதலில் தாண்டியது புலி!"

"எல்லைக்கல்லை நகர்த்தியது உன் சிங்கம்!"

மரகதம் குறுக்கிட்டாள். "அண்ணன்மாரே, ஊற்று அடைபட்டுக் கிடக்கிறது."

"நாடு பற்றி எரியும்போது ஊற்றாம்!" என்று இருவரும் சீறினர்.

மறுநாள் நண்டு, "புலிக்குப் பரிந்து பேசுகிறவனுக்காக நான் மண் கிளற மாட்டேன்!" என்று வளைக்குள் போய்விட்டது. ஆமை கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டது. தண்ணீர் ஒரு சாண் இறங்கியது.

மரகதம் தன் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு நண்டின் வளைக்குப் போனாள்.

"அண்ணா, யோசித்துப் பார்த்தேன். நியாயம் சிங்கத்தின் பக்கம்தான்."

"அப்படிச் சொல், தங்கச்சி! உனக்காவது புத்தி இருக்கிறதே!" என்ற நண்டு, உற்சாகமாக மண்ணைக் கிளறிவிட்டு வந்தது.

மாலையில் அவள் ஆமையிடம் போனாள். "அண்ணா, புலியை விட்டால் நமக்கு நாதி ஏது?" என்றாள். ஆமை மளமளவென்று மண்ணைக் கரையேற்றியது.

இப்படியே நான்கு நாள் ஊற்று சுரந்தது. ஐந்தாம் நாள் மலையிலிருந்து செய்தி வரவில்லை. வெறும் வாயோடு இருப்பது கரிச்சானுக்கு வழக்கமில்லை.

"செய்தி! மரகதம் காலையில் சிங்கத்துக்கு, மாலையில் புலிக்கு!"

நண்டும் ஆமையும் ஒரே நேரத்தில் வெளியே வந்தனர்.

"வேஷக்காரி!" என்றது நண்டு.

"சரியாகச் சொன்னாய்!" என்றது ஆமை.

போர்ப்பேச்சு தொடங்கிய பிறகு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். அதன் பின் ஒருவரும் ஊற்றுப் பக்கம் போகவில்லை. வெயில் மட்டும் தன் வேலையைத் தவறாமல் செய்தது. மூன்றாம் நாள் குட்டையில் ஒரு முறத்தளவு நீரே மிஞ்சியது. தலைப்பிரட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன.

அன்று நாணல் அசைந்தது. சிங்கமும் புலியும் தோளோடு தோள் உரச நடந்து வந்தன.

"அரசே, போர் என்னாயிற்று?" என்று கேட்டாள் மரகதம்.

"எந்தப் போர்? மான்காட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். கத்திக் கத்தித் தொண்டைதான் வறண்டுவிட்டது. தண்ணீர் எங்கே?" என்றது சிங்கம்.

நண்டு கொடுக்கை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தது. "அரசே! இத்தனை நாளும் உங்களுக்காக வாதாடியவன் நான்!"

சிங்கம் குனிந்து பார்த்தது. "இது என்ன?"

"நண்டு," என்றது புலி.

"தின்னலாமா?"

"சதை குறைவு. அதோ, அந்த ஆமையும் அப்படித்தான்."

சிங்கம் ஊற்றின் ஓரச் சேற்றில் ஒரு காலை ஆழ ஊன்றி மோந்து பார்த்தது; குடிக்கும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. இரண்டும் வேறு குட்டையைத் தேடிப் போய்விட்டன.

சிங்கத்தின் காலடிப் பள்ளத்தில் மெல்ல நீர் கசிந்தது. மரகதம் பின்கால்களால் சேற்றைக் கிழித்து, அந்தப் பள்ளம்வரை ஒரு வாய்க்கால் இழுத்தாள். இருபத்துமூன்று பிள்ளைகள் அதன்வழி நீந்திப் போய்ச் சேர்ந்தன. மற்றவை சேற்றிலேயே அடங்கிவிட்டன.

நண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு ஊற்றுக்கண்ணுக்குள் இறங்கியது. ஆமை தலையைத் தாழ்த்தி மண்ணை முட்டத் தொடங்கியது. மன்னிப்பு என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை, மரகதமும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் நண்பகலுக்குள் குட்டையில் தண்ணீர் ஏறியது.

அப்போது கரிச்சான் வந்தது. "செய்தி! வடமலைக் கரடிகளுக்கும் ஓநாய்களுக்கும் போர் மூளப் போகிறது! நியாயம் யார் பக்கம்?"

நண்டு வாயைத் திறந்தது. கரையில் உலர்ந்துகிடந்த சேற்றை மரகதம் ஒருமுறை பார்த்தாள். நண்டு வாயை மூடிக்கொண்டது.

"மண்ணைக் கிளறு, தம்பி," என்றது ஆமை.

தம்மை அறியாத வல்லவர்களின் வழக்குக்காகத் தம் அருகில் உள்ளவரைப் பகைத்துக்கொள்பவர், தாம் குடிக்கும் ஊற்றைத் தாமே தூர்த்துவிடுகிறார்.