ஒரு பல்

சங்ககிரி பைபாஸில் தவமணியின் பட்டறை இருந்தது. என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் லாரி ஷாஃப்ட்டுகளைப் பிரித்து, பழுது நீக்கி, மெஷினில் சுழற்றி பேலன்ஸ் செய்து கொடுப்பாள். வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் கற்றுக்கொண்ட அர்த்தனாரிக்கு ஐம்பத்து மூன்று. பார்வை மங்கியதால் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு வந்தவர்.

"என்னப்பா அர்த்தனாரி, இன்னிக்கி டீச்சரம்மா முட்டி போட வெச்சாங்களா?" என்று பழைய டிரைவர்கள் கேட்பார்கள்.

"வீட்டுப்பாடம் எழுதலைன்னா வெக்கத்தான் செய்வாங்க" என்பார்.

லாரி டிரைவர் சின்னராசுவின் ஷாஃப்ட் முறிந்து திரும்பி வந்த பிறகு யாரும் அப்படிக் கேட்கவில்லை.

விபத்துக்கு மூன்று வாரம் முன்பு அதை மாட்டிக் கொடுத்தவர் அர்த்தனாரிதான். மலை இறக்கத்தில் அதன் முன்முனையில் சிலுவை மூட்டு முறிந்து, தார் ரோட்டில் குத்தி, லாரியைப் புரட்டிவிட்டது. சின்னராசு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியவில்லை. இனி தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அர்த்தனாரி பார்க்கப் போயிருந்தார்.

"அசந்துட்டேனுங்கண்ணா" என்றார் சின்னராசு. "எப்ப அசந்தேன்னே தெரியலை."

அவர் மனைவி கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "தூங்கிட்டுப் போன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் அர்த்தனாரி பட்டறைக்கு வந்தார். முறிந்த ஷாஃப்ட் வாசலில் கிடந்தது. அதைத் தாண்டாமல் நின்றார்.

"அம்மணி, சின்னராசு தூங்கினாரா?"

தவமணி ஷாஃப்ட்டின் ஒரு முனையில் குனிந்தாள். "ஒரு பக்கம் புடிங்கண்ணா" என்றாள்.

இருவரும் ஷாஃப்ட்டைத் தூக்கி இரும்பு மேஜையில் வைத்தார்கள். ஒன்றுக்குள் ஒன்று பல்லுப் பல்லாகச் செருகிய இரண்டு துண்டுகள். இரு முனையிலும் சிலுவை மூட்டைப் பிடிக்கும் இரண்டிரண்டு இரும்புக் காதுகள். முன்முனைக் காதுகள் எப்படி நிற்கின்றனவோ, பின்முனைக் காதுகளும் அப்படியே நிற்க வேண்டும்.

தவமணி முன்முனைக் காதுகளின் மேல் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி நடுவில் நிற்கும்வரை ஷாஃப்ட்டை உருட்டினாள். பிறகு ரசமட்டத்தை எடுத்து அர்த்தனாரியிடம் நீட்டினாள்.

அவர் அதைப் பின்முனையில் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது.

எடுத்து மறுபடி வைத்தார். ஓடியது.

"விழுந்த வேகத்துல திரும்பியிருக்கும்."

"பல்லு சிதையாமத் திரும்புமாண்ணா?"

அவர் குனிந்து பார்த்தார். பற்கள் முழுசாக இருந்தன.

"பிரிக்கறதுக்கு முன்னாடி மார்க் வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"பஞ்ச்சுல குத்தியா?"

அர்த்தனாரி கையைத் துணியில் துடைத்தார். கையில் ஒன்றும் இல்லை.

"சாக்பீஸ்ல. தக்காளி லோடு அம்மணி. வெயில்ல நிக்குது. அவரு நிமிசத்துக்கு ஒருதரம் மணி பார்த்தாரு. லோடை வெச்சுக்கிட்டு நிக்கறது எனக்குத் தெரியாதா? மண்ணெண்ணெயில கழுவறப்ப மார்க் போயிருச்சு. கண்ணால பார்த்துச் சேர்த்தேன்."

"ஒரு பல்லு" என்றாள் தவமணி.

"ஒரு பல்லுதான்." அவர் குரல் உயர்ந்தது. "அம்மணி, மெஷின்ல ஏத்தினோமே? பூஜ்யம் காட்டுச்சே! நீங்கதானே பார்த்தீங்க? நீங்கதானே சரின்னு மஞ்சள் பெயிண்ட் வெச்சு அனுப்பினீங்க?"

தவமணி மூலையில் சாய்த்திருந்த நல்ல ஷாஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்தாள். பிரித்தாள். ஒரு பல் தள்ளிச் செருகி, மெஷினில் ஏற்றினாள். மோட்டார் உறுமியது. அளவு முள் துள்ளியது. நிறுத்தி, எதிர்ப்பக்கம் விரல்நகம் அளவு இரும்புத் துண்டை வெல்டு வைத்தாள். மறுபடி சுழற்றினாள்.

முள் பூஜ்யத்தில் நின்றது. அசையவே இல்லை.

"பாருங்க!" என்றார் அர்த்தனாரி. விபத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகம் தெளிந்தது. "ஒரு பல்லு தள்ளியும் பூஜ்யம்! அப்புறம் எப்படிங்க அது காரணமாகும்?"

தவமணி மோட்டாரை நிறுத்தினாள்.

"மெஷின்ல இது நேரா சுத்துது. லாரிக்கு அடியில நேராவா சுத்தும்?"

அர்த்தனாரி மெஷினில் கிடந்த ஷாஃப்ட்டைப் பார்த்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். குழியிலும் மேட்டிலும் ஷாஃப்ட் எப்படி மடங்கி மடங்கிச் சுழலும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"மடங்கறப்ப உதறியிருக்கும். மூணு வாரமும் உதறி உதறித்தான் மூட்டு முறிஞ்சிருக்கும். மெஷினுக்கு அது தெரியாதுண்ணா. உங்க தப்பையும் சேர்த்தே பேலன்ஸ் பண்ணிக் குடுத்திருச்சு."

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். திரும்பி அந்தக் காதைப் பார்த்திருந்தா கண்ணுக்கே பட்டிருக்கும். நான் முள்ளைத்தான் பார்த்தேன்."

வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அர்த்தனாரி கவிழ்த்து வைத்திருந்த பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தார்.

"சின்னராசுகிட்டச் சொன்னா எந்திரிச்சு நடப்பாரா அம்மணி?"

"மாட்டாரு."

"அவரு சம்சாரம் என் முகத்துல காறித் துப்பும்."

"துப்பட்டும்."

"இனிமே ஒருத்தன் நம்ம பட்டறைக்கு வண்டி விட மாட்டான்."

"விட மாட்டாங்க."

அவர் முறிந்த முனையைப் பார்த்தார். பிறகு, சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்ளக் கேட்பவர்போல மெல்லக் கேட்டார்.

"தப்புல பாதி எனக்கு, பாதி உங்களுக்குன்னு வெச்சுக்கலாமுங்களா?"

தவமணி ரசமட்டத்தைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"இப்ப முழுசும் சின்னராசுகிட்டத்தானே இருக்குதுண்ணா" என்றாள்.