வாத்தியார் சுவர்

அன்று ஆற்றங்கரை மடத்தில் இருந்தவர்கள்: குரு, அவருடைய சீடர் ஞானப்பிரகாசம், சமையல்காரர் வேலாயுதம், மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் மாரிக்கண்ணு, ஆற்றுக்கரையைக் காவல் பார்க்கும் லஸ்கர் தங்கராசு, கீழத்தெரு அஞ்சலை, அவள் நாத்தனார் செல்லம்மா, அதே தெரு ஆண்கள் ஆறு பேர். மொத்தம் பதின்மூன்று பேர். மாடுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்து மூன்று. ஞானப்பிரகாசம் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு மடத்துக்கு வந்தவர். குருவே அவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். புதிதாக வருகிறவர்கள் சீடரின் காலில் விழுந்துவிட்டு, குருவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். குரு கொண்டுவந்து கொடுப்பார்.

வாத்தியார் நான்கு வருடமாக உலக சரித்திரம் எழுதிக்கொண்டிருந்தார். சுமேரியாவில் தொடங்கி, எகிப்து, சிந்து, சீனம், கிரேக்கம், ரோம் என்று வந்து, கப்பல், அச்சு, நீராவி, இரண்டு பெரிய யுத்தங்கள் வரை ஆகியிருந்தது. எல்லாம் பிறர் எழுதியதைப் படித்து எழுதியது. தன் கண்ணால் பார்த்து எழுதியது ஒன்றுதான். மடத்தின் பின்னால் நின்ற பழைய சுவர்.

முன்பு நெல் சேர்த்து வைத்த கட்டடத்தின் மிச்சம் அது. ஆள் உயரம் இருக்கும். அடியில் பெரிய செங்கல், அதற்கு மேல் நடுத்தரம், அதற்கு மேல் மெல்லிய செங்கல், உச்சியில் முத்திரை குத்தியது. நான்கு காலம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது என்று வாத்தியார் கண்டுபிடித்திருந்தார். அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஒரு நிபுணர் பார்க்க வருவதாக இருந்தது. அவர் சரி என்று சொல்லிவிட்டால், ஞானப்பிரகாசம் சொன்னது என்று உலகத்தில் ஒன்று நிற்கும்.

காலையில் அவர் குருவிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

“சாமி, புத்தகத்தைப் பாகம் பிரிக்க வேண்டும். பழங்காலம் இங்கே முடிந்தது என்று எங்கே கோடு போடுவது? பல பேர் ரோம் விழுந்த வருடத்தில் போடுகிறார்கள்.”

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “ரோம் விழுந்த மறுநாள் காலையில் அங்கே என்ன செய்தார்கள்?”

“அது எந்தப் புத்தகத்திலும் இல்லை சாமி.”

“அப்படியானால் எனக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டு, குரு அடுத்த கட்டைப் பிரித்தார்.

அந்தக் கீரை அடுப்பில் ஏறுவதற்குள் லஸ்கர் தங்கராசு வந்துவிட்டார். பின்னாலேயே தெருக்காரர்கள். மடத்துக்கு மேற்கே கரை உடைத்துக்கொண்டது. ஒரு மாட்டுவண்டி நுழையும் அகலம். மணல் மூட்டை போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் மூட்டையை வைக்கோல் பிரி மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது. கனமாக ஏதாவது வேண்டும். அந்தச் சீமையில் தோண்டினால் வண்டல்தான் வரும், கல் வராது. கல் ஏற்றிய லாரி வெளியூரிலிருந்து புறப்பட்டுவிட்டது, ஆனால் வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை கரை தாங்காது, தண்ணீர் நேரே கீழத்தெருவுக்குத்தான் இறங்கும் என்றார் தங்கராசு.

எல்லோரும் பின்பக்கச் சுவரைப் பார்த்தார்கள். பிறகு வாத்தியாரைப் பார்த்தார்கள். அந்தச் சுவரில் ஆட்டைக் கட்டினால்கூட அவர் சண்டைக்கு வருவார் என்பது தெருவுக்குத் தெரியும்.

“உங்கள் சுவர். நீங்கள் சொல்லுங்கள்” என்றார் குரு.

“மடத்துச் சுவர் சாமி.”

“மடத்தில் யார் அதைத் திரும்பிப் பார்த்தோம்? நீங்கள்தான் பார்த்தீர்கள்.”

வாத்தியார், பாபிலோனில் இப்படித்தான் ஆயிற்று என்று சொல்லத் தொடங்கினார். நேபுகாத்நேச்சார் கட்டிய நகரத்தின் செங்கல்லைப் பிடுங்கி ஊர்க்காரர்கள் வீடு கட்டினார்கள், ஆற்றுக்கு அணையும் கட்டினார்கள். ரோமில் பெரிய அரங்கத்தின் கல்லை உருவி மாளிகை கட்டினார்கள். எகிப்தில் பிரமிடின் மேல்கல்லை உரித்துக் கொண்டுபோய் கெய்ரோவில் மசூதி கட்டினார்கள். எல்லாவற்றையும் மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன் என்றார்.

“அந்த ஊர்க்காரர்களை என்னவென்று எழுதியிருக்கிறீர்கள்?” என்று குரு கேட்டார்.

“அறிவிலிகள் என்று.”

“அவர்கள் தெருவில் எத்தனை வீடு இருந்தது?”

செல்லம்மா சொன்னாள்: “அவங்க தெரு எப்படியோ வாத்தியாரே, எங்க தெருவுல நாப்பத்தாறு.”

வாத்தியார் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாரிக்கண்ணுவின் கையிலிருந்த கடப்பாரையை வாங்கினார். மேலிருந்து வரிசை வரிசையாகத்தான் எடுக்க வேண்டும், அடியில் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இடிக்கிறதுக்கும் இலக்கணம் வச்சிருக்காரு பாரு என்று தெரு ஆண்களில் ஒருவர் முணுமுணுத்தார். ஆனாலும் அப்படியே செய்தார்கள்.

சுவரிலிருந்து கரை வரை ஆட்கள் வரிசையாக நின்றார்கள். வாத்தியார் பெயர்த்துக் கொடுக்க, குரு வாங்கி அடுத்தவருக்கு நீட்ட, கை மாறிக் கை மாறிக் கடைசியில் தங்கராசு கோணியில் கட்டி உடைப்பில் இறக்கினார். வாத்தியாரால் ஒரு செங்கல்லையும் சும்மா கொடுக்க முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் அதன் காலத்தைச் சொல்லித்தான் கொடுத்தார்.

முத்திரைச் செங்கல் வெள்ளைக்காரன் காலம். நீராவியில் ரயிலும் கப்பலும் ஓடத் தொடங்கிவிட்டன. இரண்டு உலக யுத்தங்களும் இதற்குப் பிறகுதான் என்றார். அது முடிந்து மெல்லிய செங்கல் வந்தது. மராட்டியர் காலம், முந்நூறு வருடம் முந்தியது. அப்போது ஆப்பிரிக்காவில் மனிதர்களைச் சங்கிலி போட்டுக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மிளகாய் கடல் தாண்டி நம் ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை என்றார்.

வேலாயுதத்துக்கு அது நம்பும்படியாக இல்லை. “மிளகாய் இல்லாம குழம்பு?”

“மிளகு போட்டார்கள்.”

“அதான் அந்தக் காலத்து ஆளுங்க கோபதாபம் இல்லாம இருந்திருக்காங்க.”

“அப்போதும் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்” என்று வாத்தியார் அடுத்ததை நீட்டினார்.

நடுத்தரச் செங்கல் சோழர் காலம். ஆயிரம் வருடம். சீனத்தில் காகிதத்தில் பணம் அடித்தார்கள், பாக்தாதில் நட்சத்திரங்களை அளந்தார்கள். நாம் என்ன செய்தோம் என்று ஒருவர் கேட்டதற்கு, கோயில் கட்டினோம், கடல் தாண்டிப் போய்ச் சண்டையும் போட்டோம் என்றார். பெரிய செங்கல் வந்தபோது மூச்சு வாங்கியது. ஆயிரத்து எண்ணூறு வருடம் என்பது அவருடைய கணக்கு. நம் மிளகு ரோமுக்குப் போன காலம். அங்கிருந்து தங்கம் வந்தது.

“அந்தத் தங்கம் எங்க?” என்று கரையிலிருந்து தங்கராசு குரல் கொடுத்தார்.

“அதை யாரும் சுவரில் வைக்கவில்லை.”

அஞ்சலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இதுக்கும் கீழ என்ன இருக்கு என்று கேட்டாள். கீழே வெறும் மண்தான் என்றார் வாத்தியார். இதற்கும் முன்னால் என்றால் சிந்துவுக்கும் சுமேரியாவுக்கும்தான் போக வேண்டும், நம் ஊரில் இதுதான் முதல் சுவர் என்றார்.

சொல்லிக்கொண்டே அடி வரிசையில் ஒரு செங்கல்லைப் புரட்டினார். நின்றுவிட்டார்.

சுவர் முழுவதும் களிமண் சாந்து வைத்துக் கட்டியது. இந்தச் செங்கல்லின் அடிப்பக்கத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பழைய சுண்ணாம்பு, கல்லாக இறுகியிருந்தது. பக்கத்துச் செங்கல்லைப் புரட்டினார். அதிலும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது.

அப்படியென்றால் இவை இதற்கு முன் வேறொரு சுவரில் இருந்தவை. யாரோ அதைப் பிரித்து இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எதற்காகப் பிரித்தார்களோ. அவர்கள் பின்னால் யார் நின்றுகொண்டிருந்தார்களோ.

“என்ன வாத்தியாரே, காலம் சொல்லலே?” என்று மாரிக்கண்ணு கேட்டான்.

“தெரியவில்லை” என்று சொல்லி வாத்தியார் செங்கல்லை நீட்டினார். குரு வாங்கிக் கைமாற்றினார்.

நாலு மணி வாக்கில் தண்ணீரின் இரைச்சல் மாறியது. பிறகு அடங்கியது. தங்கராசு கரையின் மேல் குத்துக்காலிட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, இனி லாரி வரும்வரை தாங்கும் என்றார். தெருக்காரர்கள் தங்கள் வீடுகளைப் பார்க்கப் போனார்கள். அஞ்சலை மட்டும் திரும்பி வந்து, வாத்தியாரின் கையில் தோல் உரிந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டுப் போனாள்.

குருவும் சீடரும் சுவர் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து முதல்முறையாக ஆறு தெரிந்தது.

“நிபுணர் வந்தால் காட்ட ஒன்றும் இல்லை சாமி.”

“கரையைக் காட்டுங்கள்.”

“அதில் எல்லாம் தலைகீழாகக் கிடக்கிறது. உச்சியில் இருந்தது அடியில் போய்விட்டது, அடியில் இருந்தது மேலே வந்துவிட்டது. அதை எந்தக் காலம் என்று எழுதுவது?”

குரு கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

“அடுத்து அதைப் பிரிக்கிறவர் சொல்லட்டும். மிச்சம் எத்தனை செங்கல் இருக்கிறது?”

வாத்தியார் எழுந்துபோய் எண்ணினார். ரோம் விழுந்த மறுநாள் காலையிலும் யாரோ இப்படித்தான் எண்ணியிருப்பார்கள் என்று தோன்றியது. சரிபார்க்க இன்னொரு தடவை எண்ணினார்.

பத்தொன்பது.